தலையாட்டும் இலை

டயர் கடை மாடியில் ஓர் இலை கேள்விக்குப் பதில் சொல்கிறதாம் என்று பேச்சு கிளம்பியதும், ஊரே செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு மாடியேறியது.

அங்கே மேசை விளக்கின் கீழ் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை இலை நின்றது. பின்னால் அதன் சொந்தக்காரர். பட்டப்பெயர் இலையார். கேள்வி கேட்டதும் சில சமயம் விளக்கு பிரகாசமாகும், இலை குனியும். குனிந்தால் ஆமாம். நிமிர்ந்து நின்றால் இல்லை. வழுக்கைத் தலையர் ஒருவர் முடி வளருமா என்று கேட்டார். குனிந்தது. அன்றே இரண்டு சீப்பு வாங்கினார்.

தையல்காரி கேட்டது மட்டும் சிரிக்கிற விஷயமில்லை.

"எங்க வீட்டுக்காரர் இதய மாத்திரையை நிறுத்திடலாமா?"

குனிந்தது. நான்காம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயும், "இலை வேணாம்னு சொல்லிடுச்சு" என்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

தையல்காரியின் தங்கை ஆய்வுக்கூடத்தில் ரப்பர் செய்பவள்.

"அக்கா, திரவப் படிகம் கலந்த ரப்பர் அது. விளக்குச் சூடு பட்டா வளையும், ஆறினா நிமிரும். எங்க வளையணும், எவ்வளவு வளையணும்னு திட்டம் போட்டுச் செய்யறதுதான் என் வேலையே."

"விளக்கு எப்பவும்தானேடி எரியுது? ஏன் சிலருக்கு மட்டும் குனியுது?"

"நேர்ல போய்ப் பாத்துடலாம்" என்றாள் தங்கை. மறுநாள் இருவரும் போனார்கள். கூட்டம் இலையைப் பார்த்தது. தையல்காரி மேசைக்கு அடியில் பார்த்தாள்.

"கால்! இருபது வருஷமா தையல் மெஷின் மிதிக்கிறவ நான். அந்தாளு எதையோ மிதிக்கிறாரு, விளக்கு கூடுது!"

தங்கை முன்னால் போனாள். "ஐயா, காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உட்காருங்க. அப்புறம் கேக்கறேன்."

"மூட்டு வலிம்மா."

"போயிடுமான்னு இலையைக் கேளுங்களேன்!"

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

"ரெண்டும் ரெண்டும் நாலா?"

இலை அசையவில்லை.

"இலைக்குக் கணக்கு வராது" என்றார் இலையார்.

தங்கை பக்கத்தில் ஒருவர் கையிலிருந்த கொதிக்கும் தேநீர் டம்ளரை வாங்கி இலையருகே கொண்டுபோனாள். "இவரு ஏமாத்துக்காரரா?"

இலை மேசையில் நெற்றி முட்டக் குனிந்தது. இலையார் பின்வாசலைத் தேடினார்.

தையல்காரி இலையைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கணவர் கையிலேயே சூடான டம்ளரைக் கொடுத்தாள். நான்கு முறை குனியவைத்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"மாத்திரையைக் குடு."

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். "அம்மா, சக்தி டம்ளர்லதானாமே? ஒரு தடவை தொட்டுக்கலாமா?"

சூடு பட்டதும் வளைவதற்கு ரப்பருக்கு ஒரு நியாயம் இருக்கிறது: அதற்கு மூளை கிடையாது. ஐயா, உங்களுக்கு?