வேலி பின்வாங்கிய கிழமை

"அளக்கிறதோ? ஏன் அளக்க வேணும்?" என்று கேட்டபோது இளையதம்பியின் குரல் கீச்சிட்டுவிட்டது.

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டை விக்கிறதெண்டா உறுதி எழுத வேணும். உறுதி எழுதுறதெண்டா காணியை அளந்து பிளான் கீற வேணும். வியாழக்கிழமை சேவையர் முத்துலிங்கம் சங்கிலியோட வருவார். காணியில ஒரு பிசகும் இல்லைத்தானே?"

"சீச்சீ! என்ன பிசகு?"

பிசகு இருந்தது. இளையதம்பியும் பக்கத்து வீட்டு வீரகத்தியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெளுக்குளத்தில் ஒரே நாளில் அடுத்தடுத்த துண்டுகளை வாங்கியவர்கள். அப்போது அங்கே றோட்டு கடதாசியில் மட்டுந்தான் இருந்தது. தரகர் அவர்களைக் குளக்கட்டால் கூட்டிவந்து, அங்கே நின்றபடியே, "வலக்கைப் பக்கம் உமக்கு, இடக்கைப் பக்கம் அவருக்கு" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடமே இளையதம்பி வேலையைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் வேலி அடைக்கும்போது பழைய கதியால் தடியைப் பிடுங்கிவிட்டு, புதுக் கதியாலை ஒரு சாண் தள்ளி வீரகத்தியின் பக்கம் நடுவார். வீரகத்தி மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பாரே தவிர வேலியைப் பார்ப்பவரல்ல. எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது, வீரகத்தி நட்ட தேசிமரம் நின்ற இடத்தில் நின்றபடியே இளையதம்பியின் வளவுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

இப்போது முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி தவராசாவுக்கு வீடு பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை எழுதினால் வாங்குவார், இல்லாவிட்டால் வவுனியா ரவுணில் வேறு வீடு பார்ப்பார். விற்ற கையோடு பூநகரியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வயல், வயலை உழ ஒரு சிவப்பு லாண்ட்மாஸ்ரர்! இளையதம்பிக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை. வாங்காத லாண்ட்மாஸ்ரரை எந்த மரநிழலில் விடுவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

எல்லாவற்றையும் அந்தச் சங்கிலி கெடுத்துவிடும். திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக கிடங்கு தோண்டும் அலவாங்கோடு வேலிக்குப் போனார். பழைய எல்லை எதுவென்று அவருக்கே மறந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று வேலியைத் தாராளமாகவே தன் பக்கம் பின்னுக்கு நகர்த்தினார்.

மனைவி நாகேஸ்வரி ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, கோழிக்கூடு அங்கால போட்டுது!"

"போகட்டும்."

"உள்ளுக்குக் கோழி நிக்குது!"

"கோழியும் போகட்டும்!"

நாகேஸ்வரி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு வீரகத்தி வந்தார். "என்ன தம்பி இது?"

"உங்கட காணி, அண்ணை. தேசிமரத்தையும் வைச்சிருங்கோ."

வீரகத்தி வீட்டுக்குள் போய்ச் சொன்னார். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி குசினிக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒரு தேசிக்காய் கேட்டாத் தராத மனுசன் மரத்தையே தாறாரெண்டா, அதுக்குக் கீழ சூனியம் தாட்டிருக்கிறார். எங்களுக்கு ஒரு சாணும் வேண்டாம்!"

செவ்வாய்க்கிழமை காலை வேலி பழைய இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. சூனியம் பரவினாலும் பரவும் என்று வீரகத்தி மேலும் ஒரு முழம் விட்டுக்கொடுத்ததில், அவருடைய கதலி வாழையும் குலையோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இளையதம்பி சாணால் அளந்து பார்த்தார். முன்பு களவெடுத்ததைவிட இப்போது கூடக் கிடக்கிறதே! மறுபடியும் அலவாங்கைத் தூக்கினார். அவர் வேலியை இங்கே இழுக்க, வீரகத்தி அதை அங்கே இழுக்க, புதன்கிழமையும் போயிற்று. காணி வேண்டுமென்று சண்டை பிடித்தவர்களை ஊர் கண்டிருக்கிறது. வேண்டாமென்று சண்டை பிடித்தவர்கள் இவர்கள் இருவருந்தான்.

வியாழக்கிழமை சேவையர் வந்து எல்லைக் கல்லைத் தேடிச் சங்கிலியை இழுக்கத் தொடங்கினார். பின்னாலேயே தவராசாவும் பஸ்ஸால் வந்திறங்கி, "நல்ல பாரைக் கருவாடு, அண்ணை. நாளைக்கு எழுதுவம் என்ன?" என்று ஒரு பொட்டலத்தை இளையதம்பியின் கையில் வைத்தார். இளையதம்பி பூரித்துப் போனார்.

அந்த நேரம் பார்த்து வேலி ஆடியது. வீரகத்தி ஒரு கதியாலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, விடுங்கோ! அது உங்கட காணி!"

"எனக்கு வேண்டாம்! உன்ர சூனியத்தை நீயே வைச்சிரு!"

"ஐயோ, சூனியமில்லை!" சங்கிலி கிட்ட வந்துகொண்டிருந்தது. இளையதம்பிக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரென்பதே மறந்துவிட்டது. "நான் களவெடுத்தனான்! வருசம் வருசம் ஒரு சாண் களவெடுத்தனான்! அம்மாளாச்சி அறிய உங்கட காணியைத்தான் களவெடுத்தனான், நம்புங்கோ அண்ணை!"

வீரகத்தியின் கையிலிருந்து கதியால் விழுந்தது.

"அப்ப," என்றார் தவராசா மெதுவாக, "களவெடுத்த காணியையோ எனக்கு விக்கப் பாத்தனீங்கள்?"

இளையதம்பி கண்ணை மூடினார். சிவப்பு லாண்ட்மாஸ்ரர் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு பூநகரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

சேவையர் முத்துலிங்கம் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "சண்டை பிறகு பிடியுங்கோ. காணி வாங்கின அண்டைக்கு எந்தப் பக்கத்தால வந்து பாத்தனீங்கள்?"

"குளக்கட்டால, ஐயா. வலக்கைப் பக்கம் எனக்கு, இடக்கைப் பக்கம் அண்ணைக்கு. ஏன்?"

"உறுதியில இருக்கிறது எதிர்ப்பக்கம், றோட்டில நிண்டு பாக்கிற வலக்கை. கல்லும் அப்பிடித்தான் கிடக்கு. நீங்கள் வீடு கட்டியிருக்கிறது வீரகத்தியற்றை காணியில. அவர் கட்டியிருக்கிறது உங்கட காணியில."

 தவராசா கருவாட்டுப் பொட்டலத்தை இளையதம்பியின் கையிலிருந்து மெல்ல எடுத்து, வேலிக்கு மேலால் வீரகத்தியிடம் நீட்டினார்.

நாகேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இவ்வளவு காலமும் இந்த மனுசன் களவெடுத்தது எங்கட காணியையோ?"