ஒரு பொத்தான் மட்டும்

சொன்ன வேலையைவிட ஒருபடி கூடச் செய்துவிடுவது என் பிறவிக்குணம். அதனால் ஒருமுறை ஒரு படப்பிடிப்பே நின்றுபோனது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், வீட்டிலிருந்தே தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு சினிமா இயக்குநர் வாசலில் வந்து நின்றார். கதையே இல்லாத படங்கள் எடுப்பவர். பத்திரிகைகள் மேதை என்றன. (அவர் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த என் கணவர், பெட்டி பழுதென்று ஆள் கூப்பிடப் போனவர்.) வெல்வெட் சட்டை ஒன்றைத் தந்து, ஒரு பொத்தான் மட்டும் தைத்து நாளை மறுநாள் கொண்டுவரச் சொன்னார். சரியாகச் செய்தால் படம் முழுக்கத் தையல் வேலை எனக்குத்தான்.

விரித்துப் பார்த்தேன். அரசன் போடும் சட்டையாம். முழுக்க ஓட்டை, கருகல், சேறு. பாவம், வசதியில்லாத மனிதர் என்று மனம் இளகிவிட்டது. ஓட்டைகளை இழை இழையாக மூடி, கழுவி, இஸ்திரி போட்டேன்.

"ஒரு தெறிதானே தைக்கச் சொன்னவர்?" என்றார் கணவர்.

"ஓம். ஆனா ராசா இப்பிடியே போறது?" என்றேன்.

தேம்ஸ் கரையில் ஒரு பாழடைந்த கிடங்கில் படப்பிடிப்பு. சட்டையைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அரசனாக நடிப்பவர் மட்டும் மெல்லத் திரும்பி நின்று, தோள் குலுங்கச் சிரித்தார். அந்த ஓட்டைகளை இயக்குநர் மூன்று வாரம் இருந்து, மெழுகுவர்த்தியால் சுட்டுச் சுட்டு உண்டாக்கினாராம். தோற்றுப்போன அரசனின் கதையை அந்தச் சட்டைதான் சொல்ல வேண்டுமாம். (கதை அங்கே இருந்திருக்கிறது!)

அவர் கோபிக்கவில்லை. என் தையலைத் தடவிப் பார்த்தார்.

"மிக அழகு. இதைத் திரும்பக் கிழிக்க முடியுமா?"

அழுகையை அடக்கிக்கொண்டு கிழித்தேன். அதிலும் தோல்வி. பாழாய்ப்போன கை, அடிமட்டம் வைத்ததுபோல நேராகவே கிழித்தது. கடைசியில் அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கோணலாகக் கிழிப்பது எப்படி என்று காட்டித்தந்தார். முடிவதற்குள் வெளிச்சம் போய், அன்றைய படப்பிடிப்பும் போனது. மிச்சத் தையலை வேறு யாரோ செய்தார்கள்.

ஆனால் படத்தின் முடிவில் ஓடிய பெயர்களில் என் பெயரும் இருந்தது: 'கிழித்தவர்' என்று.

இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் முற்றினால் கணவர், "லண்டனுக்கு வந்து நீர் என்னத்தைக் கிழிச்சனீர்?" என்று வாய்தவறிக் கேட்டுவிடுவார். நான் வாய் திறக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து சொல்வார்கள்:

"ராசாவின்ர சட்டையை, அப்பா."