மணவறை தரைக்கு வந்தது

சேக்காடு, ஆவடி
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் கங்காதரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சரசாவும் சௌக்கியம். அங்கே உங்கள் வலது கண்ணும், அதற்கு மூன்று வேளையும் சொட்டு மருந்து விடும் என் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஓமப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் நீங்கள் இருவரும் என் மகள் நிவேதிதாவின் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் "யோசிக்காமல் பிடி" என்று அந்த மண்டபத்தைச் சொன்னவர் நீங்கள் என்பதால், அங்கே நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அக்கா, சத்தமாகவே படித்துக் காட்டு.

மாப்பிள்ளை கிருபாகரனுக்கு ஒரே அக்கா, ஹேமாவதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின்களுக்கு வரைபடம் போடுகிறாள். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். தாலியின் மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது என்பதால், மண்டபம் பிடிக்கும்போதே இதை யோசித்தேன் மச்சான், யோசிக்காதவன் இல்லை. வாசல் போர்டில் "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் சாய்தளம் இருந்தது, மறுக்கவில்லை. அதன் நடுவில் பந்தல்காரர் வாழைமரம் கட்டியிருந்தார். வாழைமரத்துக்குப் பின்னால் கைகூப்பும் பொம்மை, பொம்மைக்குப் பின்னால் யாருடைய ஸ்கூட்டியோ, எல்லாவற்றையும் நகர்த்திய பிறகு ஹேமாவதி அதை ஒரு பார்வை பார்த்து, "மாமா, இது ராம்ப் இல்ல, சறுக்குமரம்" என்று சொல்லிவிட்டு, தம்பி பின்னால் பிடிக்க ஒருவழியாக மேலே வந்தாள். உள்ளே போனால் மணமேடை நாலடி உயரத்தில் நிற்கிறது, படியைத் தவிர வேறு வழியே இல்லை. மேனேஜர் சம்பந்தத்தைக் கூப்பிட்டுப் போர்டைக் காட்டிக் கேட்டேன்.

"இன்னா சார், இதுக்குப் போயி டென்சன் ஆவுற? போர்டுல இன்னா போட்டுகீது? சக்கர நாற்காலி வசதி. மேல ரூம்ல ஒண்ணு கீது சார். புச்சு. கவருகூட பிரிக்கல."

"மேலே என்றால்?"

"ரெண்டாவது மாடி. லிப்ட்டு ரிப்பேரு."

எனக்கு வந்த கோபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். ஹேமாவதி நிதானமாகவே, "பொது இடத்துல எல்லாரும் ஏற வழி இருக்கணும்னு சட்டமே இருக்கு அண்ணே" என்றாள். "சட்டம் கீதும்மா, பலகைதான் இல்ல. நாலு பசங்கள வுட்டு அலேக்கா தூக்கிக்கினு போய்டலாம், நீ இன்னாத்துக்குக் கவலப்படுற?" என்றான் அவன்.

"வேணாம்" என்றாள் ஹேமாவதி. "போன வருஷம் எங்க சித்தி பையன் கல்யாணத்துல அப்படித்தான் தூக்கினாங்க. வீடியோக்காரர் அதை ஸ்லோ மோஷன்ல போட்டு, பின்னால சோக மியூசிக் வெச்சு, ஊருக்கே அனுப்பிட்டாரு. பொண்ணு மாப்பிள்ளையைவிட நான்தான் அதுல அதிக நேரம் வரேன். மறுபடியும் மூட்டை மாதிரி ஏறி இறங்க என்னால முடியாது மாமா."

மாப்பிள்ளையின் பெரியம்மா சமாதானத்துக்கு வந்தார். "அதுக்கென்ன, அந்த முடிச்சை என் பொண்ணு கவிப்பிரியா போடட்டும். அவளும் அக்கா முறைதானே?"

 "ஒண்ணாங்கிளாஸ்லேருந்து பன்னெண்டாவது வரைக்கும் இவனுக்கு தினம் ஸ்கூல் டை கட்டிவிட்டது நான் பெரிம்மா" என்றாள் ஹேமாவதி.  மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.  என் மகள் போய் வாழப்போகிற வீட்டில் முதல் நாளே ஒருத்தியை ஓரம் கட்டிவிட்டுத்தான் தாலி ஏற வேண்டுமா என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில் வாயிலும் வந்துவிட்டது: "ஹேமா மேலே போக வேண்டாம். கல்யாணம் கீழே வரட்டும்!"

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நடந்ததை எழுத இந்தப் பேனாவுக்குத் திராணி இல்லை. டைல்ஸ் கருகும் என்று சம்பந்தம், லைட்டிங் சொதப்பும் என்று வீடியோக்காரர், மேடை அலங்காரத்துக்குக் கொடுத்ததெல்லாம் வீணா என்று சரசா, மாப்பிள்ளையைத் தரையில் உட்கார வைப்பதா என்று பெரியம்மா, சாம்பார் கொதிக்கிறதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த சமையல்காரர்கூட ஒரு கருத்து சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாரும் சாஸ்திரிகளைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சாஸ்திரத்துல மேடைன்னு எங்க இருக்கு? அது மண்டபத்துக்காரா கட்டினது. பூமியில பண்ணா பேஷா இருக்கும். எனக்கும் அந்தப் படி ஏறினா முட்டி தெறிக்கறது" என்றார். தீர்ந்தது விஷயம்! நானே நாலு செங்கல் சுமந்து, மணல் கொட்டி, அதன் மேல் ஓமகுண்டத்தை வைத்தேன். டைல்ஸுக்கு ஒரு கீறல் இல்லை.

மறுநாள் காலை பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஹாலுக்கு நடுவில் மணவறை, சுற்றி வட்டமாக நாற்காலிகள். நிவேதிதா ஒரு சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஹேமாவதி தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்து நிறுத்தினாள். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவதை அவள் போட்டாள், நிதானமாக, இழுத்துப் பார்த்து. கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். இத்தனை கல்யாணத்துக்குப் போயும் தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டது இதுதான் முதல் தடவை என்று எதிர்வீட்டு ஆக்னஸ் டீச்சர் சொன்னார். வீடியோக்காரர் காலியாகக் கிடந்த மேடையில் ஏறி நின்று மேலிருந்து எடுத்துவிட்டு, இப்படி ஒரு ஷாட் கிடைத்ததே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சந்தோஷம் இதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருக்கும் பார்ட்டி ஒன்று மண்டபம் பார்க்க வந்தது. "எங்களுக்கும் கீழதான் வேணும், எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக்" என்று அவர்கள் கேட்டதும் ஓனரே ஓடி வந்தார். ஹேமாவதி கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மேடைக்குப் பக்கவாட்டில் சாய்தளம் எப்படி வர வேண்டும் என்று வரைந்து கொடுத்தாள். வேலை திங்கட்கிழமை ஆரம்பம். சம்பந்தம் என்னிடம் வந்து, "நீ பெரிய ஆளுதான் நைனா" என்றான். நானும் மறுக்கவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரன் பேத்திகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். கண்ணைக் கசக்காமல் இருங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த
கங்காதரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெளியார் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஹேமாவதி போன் செய்து, "மாமா, உங்க வாசல் எவ்ளோ உசரம்?" என்று கேட்டாள். வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நான் வீட்டை அஞ்சடி தூக்கிக் கட்டியது உங்களுக்குத் தெரியும். நீங்கள்கூடப் பாராட்டினீர்கள். சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம், அப்படியானால் அறுபது அடி. என் மனையே நாற்பது அடிதான். சாய்தளம் தெருவைத் தாண்டி ஆக்னஸ் டீச்சர் வீட்டு ஹாலில் போய் முடிகிறது. "மடக்கி மடக்கிப் போடலாம் மாமா, உங்க கார் ஷெட்டு போகும், பரவாயில்லையா?" என்றாள். சரி என்றேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகாது. அதனால் தெருவில் ஷாமியானா போட்டுத்தான் இலை போடப் போகிறோம். இந்த வாசலை எனக்காக நானே நின்று கட்டினேன் மச்சான். மண்டபத்திலாவது சண்டை போட ஒரு சம்பந்தம் இருந்தான்.