தூவிவிட்டுத் தேடுபவர்

தானே ஒளித்து வைத்ததைத் தானே கண்டெடுத்து, ஊரைக் கூட்டி மாலையும் வாங்கிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலங்காயத்து பஸ் மூச்சு வாங்கி ஏறி வந்து நிற்கும் ஜவ்வாது மலை உச்சியில், ஓர் ஆய்வு மையத்தில் வேலை பார்க்கும் முனைவர் சக்கரவர்த்தி அந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி.

சாப்பிட உட்காரும்போது பாருங்கள். மனைவி தேவயானி சாமை உப்புமாவை வைத்ததுதான் தாமதம், ருசி பார்க்கும் முன்பே உப்பை அள்ளித் தூவுவார். ஒரு வாய். நெற்றி சுருங்கும்.

“இன்னா தேவயானி, உப்பு கரிக்குது?”

“நீங்க போட்டதுதாங்க.”

“நான் போட்டது கொஞ்சம். இது ஜாஸ்தி.”

தொழிலிலும் அப்படித்தான். கருந்துளையைச் சுற்றிக் காந்தப்புலம் பின்னிப் பிணைந்த கொதிவாயு, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுழல்வதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. அதற்காக வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார். கொந்தளிப்பு எங்கேயோ அங்கே மட்டும் கட்டங்கள் தாமே சிறுத்துப் பொடியாகும், மற்ற இடங்களில் பாய் விரித்த மாதிரிப் பெரிதாகக் கிடக்கும். ஒரே தொல்லை. கட்டம் அடியோடு காலியாக இருந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் காலிக் கட்டங்களில் இவரே ஒரு சிட்டிகைப் பொருளைத் தூவி வைப்பார். இதில் தப்பில்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தூவியதை மறந்துவிடுவதுதான் இவருடைய தனித்திறமை.

ஒரு நாள் அந்தக் காலிப் பகுதியில் பளபளவென்று ஓர் ஒளித்தாரை தெரிந்தது. சக்கரவர்த்திக்குப் புல்லரித்தது. திங்கட்கிழமை வரும் பதவி உயர்வுக் குழுவிடம் இதைக் காட்டினால் பேராசிரியர். இல்லாவிட்டால் இந்த முறையும் இலவு காத்த கிளிதான். தாரையைச் சுற்றி இன்னும் பொடிக் கட்டங்களாகப் போட்டார். தப்பு இன்னும் துல்லியமாக, இன்னும் அழகாகத் தெரிந்தது.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் கண்ணமங்கலத்து ரம்யா தயங்கித் தயங்கி வந்தாள். “சார், அது நாம தூவுனதுங்க.”

“சட்டியில இல்லாததா அகப்பையில வரும்?”

“சட்டியில போட்டதே நாமதாங்க சார். தூவுறதைப் பாதியாக்கிப் பாத்தேன், தாரையும் பாதியாயிடுச்சு.”

உண்மை சக்கரவர்த்தியின் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ‘உள்ளே வா’ என்று சொன்னால் போதும். சொல்வாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் ஆயிற்றே.

“பாதின்னா, கரெக்டா பாதியா?”

“ஆமாங்க சார்.”

“அப்போ இது ஒரு புது விதிம்மா.”

அந்த விதியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள் ரம்யா. எடுத்தார். விதிக்குத் தம் பெயரை வைத்தார். குழுவினராவது ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அவர்களும் ஆளுக்கொரு தாரையைக் கண்டுபிடித்து மேலே வந்தவர்கள்தான். திங்கட்கிழமை மாலையே சக்கரவர்த்தி பேராசிரியர். வீட்டில் பாயசம். சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கினார், கொட்டினார், குடித்தார், திகட்டுகிறது என்றார். தேவயானி டப்பாவை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் மருமகள் ‘வாங்க’ என்று சொன்னதில் ஒரு திமிர் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்த ஒற்றைச் சொல்லைப் பொடிப் பொடியாகப் பிரித்து நாலு பேருக்குக் காட்டினீர்களே. அவள் வாயைத் திறக்கும் முன்பே அதை அங்கே தூவி வைத்தது யார்?