அரைப்பேர் அண்ணனின் கேட்லாக்

இந்த மலைநாட்டில் கறாரான ஆட்கள் என்று பேர் எடுத்த எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் எங்கள் அரைப்பேர் அண்ணனை மட்டும் உட்கார வைத்தால், அவர் பக்கம்தான் தாழும். ஆனால் தாழ்வதற்குள் அவரே எழுந்து இறங்கி வந்து, "மொதல்ல இந்தத் தராசு சரியா இருக்கான்னு பாத்துக்குவோம்" என்பார்.

ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மாடியில்தான் எங்கள் ஒபிஸ். தொழிற்சாலைகளுக்கான மின்சார பேனல்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற கொழும்புக் கம்பனி ஒன்றின் கிளை. மலையகப் பிள்ளைகள் நன்றாக வரைவார்கள், குறைவாகக் கேட்பார்கள் என்று யாரோ கண்டுபிடித்ததால் உண்டான கிளை அது. அதற்கு அவர்கள் 'வாய்ப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்களும் நன்றி சொல்லிவிட்டு வரைந்துகொண்டிருந்தோம்.

வரைகிற மென்பொருளுக்குள் ஒரு கேட்லாக் உண்டு. பேனலுக்குள் போகிற பிரேக்கர், ரிலே, ஃபியூஸ், டெர்மினல் என்று எல்லாச் சாமான்களின் அளவும் படமும் அதில் பதிந்திருக்கும். ஒன்றைத் தொட்டால் அது தன் அளவோடு படத்தில் வந்து உட்காரும். எங்கள் கேட்லாக்கை ஆளாளுக்கு நிரப்பி வைத்திருந்தோம். ஒரே பிரேக்கர் ஐந்து இடத்தில், ஐந்து அளவில் இருந்தது. ஒருநாள் நான் ஒரு ஃபியூஸைத் தொட்டேன். யாரோ அகலத்தில் ஒரு பூச்சியத்தைக் கூடப் போட்டிருந்த புண்ணியத்தில், அது அலுமாரி அளவுக்கு வளர்ந்து பேனல் கதவைத் தாண்டி வெளியே நின்றது. அந்தப் படம் அப்படியே வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அவர் சிரித்தார். கொழும்பு சிரிக்கவில்லை. கேட்லாக்கை ஒழுங்குபடுத்த ஓர் ஆளைப் போட்டார்கள். அவர்தான் அண்ணன்.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் போய் மோட்டரும் பேனலும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். மூன்று மாதக் கொன்ராக்டில் எடுத்து, முடிய முடிய அதை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கொன்ராக்ட் ஆட்களுக்குப் பெயர் போட்ட அட்டை கிடையாது. கழுத்தில் 'விசிட்டர்' என்று எழுதிய அட்டையைத்தான் மாட்ட வேண்டும். காலையில் எல்லோருக்கும் முதலில் வந்து, சாயந்தரம் கடைசியாகக் கதவைப் பூட்டிப் போகிற விசிட்டரை நான் அங்கேதான் பார்த்தேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலைக்கான கணக்கு. சொன்ன கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம். அண்ணன் இந்த வழக்கத்தை அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டார். எல்லா விவரமும் சரியாக இருக்கிற சாமானுக்கு முழுப்பேர். ஒன்று குறைந்தாலும் அரைப்பேர். அரைப்பேர் சாமானை ஒருவரும் படத்தில் போடக் கூடாது. திரையில் தமிழிலேயே அப்படி எழுதியும் வைத்தார்.

கொழும்பு மேனேஜர் வீடியோ கோலில் இதைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன, அரைப்பேர்? ஒரு பிரேக்கருக்கு எப்படி பாதிப் பெயர் இருக்கும்?"

"சார், அதுக்கு ஒசரம் இருக்கு, அகலம் இருக்கு. ஆழம் இல்லை. ஆழமே இல்லாதவனுக்கு முழுப்பேரு எப்பிடிங்க போடுறது?"

மேனேஜர் கமராவை அணைத்துவிட்டார். அன்று மத்தியானத்திலிருந்து அவர் எங்களுக்கு அரைப்பேர் அண்ணன்.

கம்பனிகள் அச்சடித்துக் கொடுக்கிற அளவுகளை அவர் நம்பவே மாட்டார். "காகிதத்துல எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க" என்பார். கீழே கடைக்கு இறங்கிப் போய், புதுப் பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அளப்பார். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் நல்ல மனிதர். அவரும் எவ்வளவுதான் தாங்குவார்?

"தம்பி, நீங்க வாங்கவும் மாட்டீங்க, தொறந்ததை மூடவும் மாட்டீங்க. நான் யாவாரம் பண்ணவா, உங்களுக்குக் கண்காட்சி நடத்தவா?"

"நானா, உங்க சாமானுக்கு நான் முழுப்பேரு போட்டுத் தாரேன். பெருமைதானே?"

"எனக்குப் பெருமை வேணாம். பெட்டியை மூடித் தாங்க."

இவ்வளவு கறாராக அளந்தவர் ஒருமுறை குப்புறவும் விழுந்தார். ஒரு டெர்மினலை அதன் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அளந்துவிட்டார். நாங்கள் வரைந்த பேனல்களில் டெர்மினல்களுக்கு நடுவே விரல் போகிற இடைவெளி. அதைக் காட்டினேன். நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, "காத்தோட்டம் வேணும் தங்கச்சி, சூடு ஏறும்" என்றார். அடுத்த நாள் பௌர்ணமிப் போயா லீவு. அதற்கு மறுநாள் வந்து பார்த்தால் எல்லா டெர்மினலும் சரியான அளவில் நெருங்கி நின்றன. காற்றோட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ரிலே விஷயம் இன்னும் மோசம். ரிலே தனியாக நிற்காது, அதை ஒரு சொக்கெட்டில்தான் செருக வேண்டும். கேட்லாக்கில் இரண்டையும் சேர்த்துவிட்டால், ஒன்றைத் தொட்டதும் மற்றதும் கூடவே வரும். இதற்கு அண்ணன் வைத்த பெயர் கல்யாணம். சொக்கெட் கிடைக்காத ரிலேக்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துப் பெருமூச்சு விடுவார். ஒன்றுக்கு வரன் அமைந்துவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று அறிவிப்பார்.

"அந்தப் பதினாலு கால்காரனுக்கு முடிஞ்சிருச்சு. சொந்த கம்பனியில அமையலை. வெளியிலதான் எடுத்திருக்கேன். ஆனா கால் எல்லாம் பொருந்துது."

நாங்கள் கை தட்டுவோம். அவர் வெட்கப்படுவார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த எங்களுக்கு அவருடைய கதை தெரிந்தது, பழைய சாமான்களை அழிக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தபோதுதான். கம்பனிகள் செய்வதை நிறுத்திவிட்ட சாமான்களைக் கேட்லாக்கில் வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளின் பெயரில் 'பழைய லயம்' என்று ஒரு பிரிவை உண்டாக்கி, அவற்றை எல்லாம் அங்கே குடிவைத்தார்.

"அழிச்சா என்னங்கண்ணே? இனிமே யாரும் வாங்கப் போறதில்லையே" என்று கேட்டேன்.

"எங்கம்மா பேரைத் தோட்டத்துப் பதிவுல இருந்து வெட்டுனப்பவும் இதேதான் சொன்னாங்க" என்றார். "வயசாயிருச்சு, இனிமே கொழுந்து எடுக்கப் போறதில்லைன்னு. சரி, வெட்டுனாங்க. கையோட நாங்க குடியிருந்த ஒத்தைக் காம்பராவையும் கேட்டாங்க. தோட்டத்துல பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்துல எடம் இல்லைன்னு தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. அம்மா உசிரோட வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் வெளி வேலைக்காரன், எனக்கு அங்க பேர் இல்லை. அப்பறம் என் வீட்டுக்காரி போய்த் தோட்டத்துல பேர் குடுத்தா. இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு காம்பராவுக்காகத்தான் கொழுந்து எடுக்க மலை ஏறுறா. முழங்கால் ரெண்டும் போயிருச்சு."

அண்ணிக்காகத்தான் அவருக்கு அந்த நிரந்தர வேலை வேண்டியிருந்தது. கேட்லாக் முடிந்ததும் நிரந்தரம் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். நிரந்தரக் கடிதத்தைக் காட்டினால் பேங்க் கடன் கொடுக்கும். ஸ்டேஷன் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம். "அவளை மலையில இருந்து எறக்கிறணும் தங்கச்சி. அவ்வளவுதான்" என்பார்.

எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. கொழும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அங்கே வேலை செய்கிற எங்களுக்குத் தெரியாதா? வேலை முடிந்தால் ஆளையும் முடித்துவிடுவார்கள். நான் அவரிடம் நேராகவே சொன்னேன்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. இழுத்தடிங்க. இன்னும் ஒரு வருசம் இழுக்கலாம். முடிச்சிட்டீங்கன்னா அனுப்பிருவாங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வேலையை முடிக்காம எந்த மொகத்தோட போய் நெரந்தரம் கேக்கிறது?"

முடித்தார். கடைசி அரைப்பேரும் முழுப்பேர் ஆன அன்று, வீட்டிலிருந்து வடை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். கீழே நானாவுக்கும் கொண்டுபோனார். நானா வடையை வாங்கிக்கொண்டு, "அப்ப இனிமே பெட்டி தொறக்க வரமாட்டீங்களா?" என்று கேட்டாராம்.

மேனேஜர் கலர் கலரான ரிப்பன் கேக்கோடு கொழும்பிலிருந்து வந்தார். படம் எடுத்தார்கள். விசிட்டர் அட்டை படத்தில் நன்றாக இருக்காது என்று அதைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் போட்டுக்கொண்டார். கேக் வெட்டிய கையோடு மேனேஜரிடம் போய், "சார், அந்த நெரந்தர விசயம்" என்றார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதே. இனிமேல் பராமரிப்பு மட்டும்தான், அதற்குக் கொழும்பில் ஆள் இருக்கிறார்கள். உங்கள் சேவையை நாங்கள் மறக்க மாட்டோம்."

"அப்ப நான்?"

"இந்த மாதக் கடைசிவரை வாருங்கள். அந்தக் கொழும்புப் பிள்ளைக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா. அண்ணன் மாதக் கடைசிவரை வந்தார். கொழும்புப் பிள்ளைக்குப் போனில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எந்த ரிலே எந்த சொக்கெட்டோடு குடும்பம் நடத்துகிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசி நாளில் அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு வட்டகொடை பஸ்ஸைப் பிடித்தார்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவர் போன மறுவாரமே எல்லாம் குழம்பி, கொழும்பு தலையில் கைவைத்துக்கொண்டு அவரைத் தேடி ஓடியது என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அரைப்பேர் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ போட்டார்கள். பழைய லயத்தை ஒரே மத்தியானத்தில் அழித்தார்கள். மற்றபடி கேட்லாக் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடுகிறது. தினமும் நான் அதில்தான் வேலை செய்கிறேன். ஒரு ஃபியூஸ்கூட அளவு தவறி வருவதில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

போன யாத்திரை சீசன் தொடங்கும் சமயத்தில் ஒரு வேலையாக நல்லதண்ணிக்குப் போயிருந்தேன். சிவனொளிபாத மலைக்கு வருகிறவர்களுக்காகக் கடைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மஸ்கட் இனிப்புக் கடையின் முன்னால் ஏணியில் நின்றுகொண்டு ஒருவர் முதலாளியைச் சிங்களத்தில் திட்டிக்கொண்டிருந்தார். ஒரே வயரில் இத்தனை பல்பைக் கொடுத்தால் கடையே பற்றிக்கொள்ளும் என்று. குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"அண்ணே."

"அட, தங்கச்சி." ஏணியிலிருந்தே சிரித்தார். ஆள் மெலிந்திருந்தார். கடைக்காரரிடம் சொல்லி எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார்.

"அண்ணி எப்பிடி இருக்காங்க?"

"இருக்கா. இன்னும் கொழுந்து மலைக்குத்தான் போறா." ஒரு பல்பை மாட்டினார். பிறகு, ஒன்றுமில்லாத விஷயம்போல், "நம்ம கேட்லாக் எப்பிடி இருக்கு? ஏதும் கோளாறு பண்ணுதா?" என்றார்.

நீங்கள் இல்லாமல் எல்லாம் நாறிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று நாக்குத் துடித்தது. ஆனால் அந்த மனிதரிடம் அளவு தப்பிய பேச்சைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"இல்லைங்கண்ணே. ஒரு கோளாறும் இல்லை. நல்லா ஓடுது."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் சந்தோஷம் வந்தது, உடனே வேறு என்னவோவும் வந்தது. இன்னொரு பல்பை எடுத்து, அதைச் சட்டையில் துடைத்தார்.

"ஓடாம நின்னுருந்தா ஒரு போனாச்சும் பண்ணியிருப்பாங்க" என்றார். "நாந்தான் நல்லா செஞ்சு தொலைச்சிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. "ஓடுங்க தங்கச்சி, இதை விட்டா அடுத்தது எப்ப வருமோ. நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் நின்ற ஏணி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் எல்லாப் பல்பையும் மாட்டி இறங்கும்வரை, அந்த ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.