பத்து மணி போட்டோ

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற பக்கமாக, முயல்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஒரே பாடம்தான்: ஒளிந்துகொள்வது. நரி திரிகிற காட்டில் முயலுக்கு வேறென்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது, சொல்லுங்கள்! பாடம் நடத்தியவர் அமலோற்பவம் டீச்சர். அவரும் முயல்தான்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு செல்போனும் அதற்குள் ஓர் ஆப்பும் வந்து சேர்ந்தன. பத்து மணிக்கு 'டிங்' என்று அடிக்கும். உடனே குட்டிகளெல்லாம் வரிசையில் நின்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். குட்டியோ டீச்சரோ, போட்டோவில் முகம் விழாவிட்டால் ஆப்சென்ட். அதே ஆப்பில் 'கருணை' என்று ஒரு பக்கம் வேறு. தினம் ஒரு கருணைச் செயலைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அதற்காக ஒரே எறும்பைத் தினமும் குட்டையில் தள்ளித் தூக்கிவிட்டார்கள். பாவம், அதற்கு ஜலதோஷமே பிடித்துவிட்டது.

பதினொரு குட்டிகள் 'டிங்' கேட்டதும் புதரைவிட்டுத் துள்ளி வந்துவிடும். பன்னிரண்டாவது குட்டி முத்துப்பேச்சி மட்டும் வரமாட்டாள். ஒளிந்தால் ஒளிந்ததுதான்.

"இன்னொரு நாள் ஆப்சென்ட்னா பேரை அடிச்சிருவேன், டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் உடும்பு.

"வகுப்பிலேயே உருப்படியா ஒளியறது அவ ஒருத்திதான் சார்!"

"இருக்கட்டும்மா. ஆப்ல தெரியணும்ல?"

உடும்பு பிடித்த பிடியை விடுமா? டீச்சர் முத்துப்பேச்சியிடம் போய்க் கெஞ்சினார். "நாளைக்கு ஒரு நாள் வந்து சிரிச்சிடு கண்ணு."

"நானே கூப்பிட்டாலும் வெளியே வராதேன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க?"



மறுநாள் காலை நரி வந்தது. "ஒளியுங்க!" என்றார் டீச்சர். பன்னிரண்டு குட்டிகளும் மாயமாய் மறைந்தன. நரி தேடவே இல்லை. சாவகாசமாக உட்கார்ந்து தன் செல்போனை எடுத்தது. அதிலும் அதே ஆப்.

டிங்!

பதினொரு குட்டிகள் ஓடிவந்து வரிசையில் நின்று ஈயென்று இளித்தன. நரி அந்த ஆப்பிலேயே ஒரு போட்டோ எடுத்தது. சாப்பிடுமுன் போட்டோ எடுப்பது இந்தக் காலத்து வழக்கமல்லவா!

அந்த இடைவெளியில் டீச்சர் நரிமேல் பாய்ந்தார். அவருடைய காது நரியின் வாயில் சிக்கியது. புதரிலிருந்து முத்துப்பேச்சி பின்பக்கமாக வந்து, நரியின் வாலை நறுக்கென்று கடித்தாள். நரி அலறிக்கொண்டு, டீச்சரின் பாதிக் காதோடு ஓடியேபோனது. குட்டிகள் பிழைத்தன.

மறுநாள் உடும்பு டீச்சரைக் கூப்பிட்டார். "காது குறையுறதால உங்க முகத்தை ஆப் ஏத்துக்கல டீச்சர். நீங்க ஆப்சென்ட். கருணைப் பக்கத்துலயும் நேத்து ஒண்ணும் ஏறல. முத்துப்பேச்சி பேரை அடிச்சாச்சு. அதனால நேத்து வருகை நூத்துக்கு நூறு! அந்தப் போட்டோவை ஏத்தினவருக்குத்தான் சிறந்த ஆசிரியர் விருது. திங்கட்கிழமை உங்க இடத்துல வேலைக்குச் சேர்றார்."

"ஐயோ சார், அது நரி சார்!"

"இருந்தா என்னம்மா? ஒரு குட்டிகூட ஆடல, அசையல. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

டீச்சர் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே வெளியே நடந்தார். பின்னால் 'டிங்' என்று கேட்டது. பதினொரு குட்டிகளும் சிரித்துக்கொண்டு ஓடின.

ஆகவே குழந்தைகளே, நீதி: பிள்ளைகளை யார் தின்றாலும் பரவாயில்லை, பத்து மணிக்குள் போட்டோ ஏறிவிட வேண்டும்.