மாப்பிள்ளைக்கு ஒரு படி கீழே

தாம்பரத்தைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் மாப்பிள்ளையைவிட அதிகம் யோசித்து உடுத்திக்கொண்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் ரிசப்ஷனில் பாட்டுப் போட வரும் டிஜே. அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிச்சூரிலிருந்து செம்பாக்கம் வரை எல்லோருக்கும் அவர் 'மேட்சிங்'. ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டர்களில் பெண்களுக்கு நடுவே நின்று லைனிங் துணி பொறுக்கிக்கொண்டிருப்பார், அதனால் வந்த பெயர்.

என் மகள் கல்யாணத்துக்கு அவரைப் பேசி முடித்தபோது, கேட்பாரே என்று ஒரு பாட்டுப் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாட்டெல்லாம் பென் டிரைவ்ல கீது சார், வுடுங்க. பொண்ணோட புடவைய கொஞ்சம் எடுத்துக்கினு வாங்க."

என் மனைவி பீரோவைத் திறந்து ரிசப்ஷன் புடவையை எடுத்து வந்தாள். மேட்சிங் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். டியூப் லைட்டில் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துத் துணித் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போன அன்று நான்கூட என் மனைவியை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"மாப்ள கோட்டு இன்னா கலரு? எந்த டெய்லரு?"

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "டிஜேவுக்கு எதுக்குங்க இவ்ளோ ஆராய்ச்சி?"

"மாப்ளைக்கு ஒரு படி கீழ, போட்டோகிராபருக்கு ஒரு படி மேல. அதான் சார் நம்ம டிரெஸ்ஸு. மேல போனா சம்பந்தி மொறைப்பாரு. கீழ போனா ஜெனரேட்டர் ஆளுன்னு நெனச்சுக்கினு 'கரண்டு எப்ப வரும்'னு கேப்பாங்க."

இந்தச் சட்டம் பல அடிகள் பட்டபின் பிறந்ததாம். குரோம்பேட்டையில் ஒரு சர்ச் கல்யாணத்துக்குக் கறுப்புக் கோட்டும் டையுமாகப் போயிருக்கிறார். அன்றைக்கென்று பரிமாறுகிறவர்களுக்கும் கறுப்புக் கோட்டும் டையும். "தம்பி, நாலாவது டேபிளுக்குத் தயிர் பச்சடி வரல" என்றார் ஒருவர். "நான் டிஜே சார்" என்றதற்கு, "பரவாயில்ல, சீக்கிரம் கொண்டா" என்றாராம். செம்பாக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குக் கண்ணாடிச் சில்லு பதித்த சட்டை. புதிதாகக் கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தாலி கட்டினார். அடுத்தது ஷெர்வானி. வாசலில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவரை ஒரு பெரியப்பா கட்டிப்பிடித்து, "எங்க பொண்ணு கண் கலங்காம பாத்துக்கப்பா" என்று அழுதுவிட்டார். மனசு கேட்காமல், "பாத்துக்கறேன் பெரிப்பா" என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

முடிச்சூரில் வெள்ளம் புகுந்தபோது ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு, மூன்று கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படகில் ஏறியவர் இவர். படகுக்காரர் இவரை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றாராம்.

ஒரு மனிதனுக்கு உடையில் இவ்வளவு பித்து ஏன் என்று துருவித் துருவிக் கேட்டேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"என் மாமியாருக்கு நான் வேலைக்குப் போறேன்னே நம்பிக்கை இல்ல சார். 'சாயங்காலம் ஆனா கோட்டு போட்டுக்கினு கெளம்புறான், வயிறு ரொம்ப வரான், கூப்பிடாத கல்யாணத்துல துன்னுட்டு வரான்'னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கீது. எதுனா ஒரு ஆல்பத்துல ஓரமா நான் இருந்தா காட்டி வாயை அடைச்சிடலாம். பதினஞ்சு வருஷமா ஒரு ஆல்பத்துலயும் நான் இல்ல. என்னைக் கண்டாலே போட்டோகிராபர் கேமராவத் திருப்பிக்கினு பூடறாரு. நல்லா டிரெஸ் பண்ணா எடுப்பாரோன்னு பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. "எங்க ஆல்பத்துல நீங்க நிச்சயம் இருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் கோட்டு யானைத் தந்த நிறம். அதே டெய்லரிடம் போய், அதே துணியில் ஒரு ஷேடு மட்டும் குறைத்து மேட்சிங் தனக்கொரு கோட்டு தைத்துக்கொண்டார். முதுகில் மட்டும் தங்க ஜிகினாவில் பெரிதாக 'டிஜே மேட்சிங்'. திரும்பி நிற்கும்போது படம் எடுத்தாலும் மாமியாருக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டுமாம்.

ரிசப்ஷன் அன்று மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்தார். என் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஆரத்தி முடிந்து மாப்பிள்ளை உள்ளே கால் வைக்கும்போதுதான் மேளச் சத்தம் வர வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அந்த நேரம் பார்த்து கேமரா மேட்சிங் பக்கம் திரும்பியது. மனிதர் காலரை நீவி, தலையைச் சாய்த்து, ஸ்டைலாக ஒரு பட்டனைத் தட்டினார்.

டம்!

என் தங்கை தூக்கிவாரிப்போட்டுத் துள்ளினாள். தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் முழுவதும் மாப்பிள்ளையின் நெஞ்சில்.

சம்பந்தி முகம் கடுகடுத்தது. யாரோ "அபசகுனம்" என்று ஆரம்பித்தார்கள். மணமகள் அறையில் என் மகள் அழுது மை கரைந்துவிட்டது. வெளியே வாழ்த்த வந்தவர்களின் வரிசை தெருவரை நின்றது.

அப்போது மேட்சிங் ஓடி வந்தார். கேமராவை ஒரு தடவை பார்த்தார். கோட்டைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"என் தப்புதான் சார். போட்டுக்கோங்க. லைட்டுல ஒரு ஷேடு யாருக்கும் தெரியாது. முதுகை மட்டும் காட்டாதீங்க."

கோட்டு மாப்பிள்ளைக்கென்றே தைத்ததுபோலப் பொருந்தியது. ஆனால் உள்ளே வெறும் பனியன்தான் என்பதை மேட்சிங் மறந்திருந்தார். சமையல்காரர் இரக்கப்பட்டு, பரிமாறுகிறவர்கள் போடும் மெரூன் சட்டை ஒன்றைக் கொடுத்தார். அதோடுதான் கடைசிவரை பாட்டுப் போட்டார். நடுநடுவே "நாலாவது டேபிளுக்கு ஐஸ்கிரீம்" என்று மைக்கில் அவரே அறிவித்தும் விட்டார்.

முதுகைக் காட்டக் கூடாது என்று சொன்னோமே தவிர, பெரியவர்கள் மேடையேறினால் காலில் விழ வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை குனியும்போதெல்லாம் ஜிகினா பளபளத்தது. என் மனைவியின் சித்தப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்: "டிஜே மேட்சிங். ஏம்மா, பையன் சாஃப்ட்வேர்னுதானே சொன்னாங்க?"

முதலில் சிரித்தது சம்பந்திதான். அதன்பிறகு மண்டபமே சிரித்தது.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் தயாரிப்பவர் போன் செய்தார். "சார், நெறைய போட்டோல மாப்பிள்ளை முதுகுல எழுத்து தெரியுது. அழிச்சிடட்டுமா?" என் மகள் போனைப் பிடுங்கி, "ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீங்க" என்றாள்.

ஆல்பம் வந்ததும் மேட்சிங்குக்குச் சொன்னேன். "அட்டை இன்னா கலரு சார்?" என்று கேட்டு, அதே நீலத்தில் சட்டை போட்டுக்கொண்டு மாமியாரோடு வந்தார். அந்த அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "பேரு கீது. ஆளு எங்க?" என்றார்.

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் குடும்பப் படம். அன்று நானே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் நடுவே, மெரூன் சட்டையும் கழுத்தில் ஹெட்போனுமாக மேட்சிங் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பந்தி பரிமாறுற வேலையா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?" என்று மருமகன் தலையை வாஞ்சையாகத் தடவினார். மேட்சிங் அதைத் திருத்தாமல், தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து காட்டினார்.

ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். "குடும்ப போட்டோல சர்வர் எப்படி வந்தாரு?" என்று கேட்கிறார்கள். "சர்வர் இல்ல, எங்க வீட்டு ஆளு" என்பாள் என் மனைவி. எனக்கும் அவரை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.